மாடியில் குடியிருந்த ஜெனரல்

ஊரில் ஆளாளுக்கு செல்போன் வாங்கத் தொடங்கிய வருடம், உக்ரைன் ராணுவத்தில் ஓய்வுபெற்ற ஜெனரல் ஒருவர் முழங்கால் வைத்தியத்துக்காக உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்; அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஜெனரல் படியிறங்கினால் லுங்கியோடு சல்யூட் அடிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளியே சல்யூட், வீட்டுக்குள் அம்மாவுக்கு பெல்ட் அடி. எனக்கு முப்பது வயது, ஒருநாளும் தடுத்ததில்லை.

ஐ.நா. அமைதிப்படையில் பழகிய பிரெஞ்சில் ஜெனரல் எங்களிடம் பேசுவார். அவர் டிராக்டர் ஓட்டியவரின் மகன். பதினேழு வயதில் ராணுவப் பள்ளி, பிறகு ஆப்கானிஸ்தான். அங்கே இரண்டு விரல்கள் போயின. சோவியத் உடைந்ததும் புது நாட்டுக்குச் சத்தியம் செய்து ஜெனரல் வரை உயர்ந்தார். காவல் பணியில் தூங்கிய சிப்பாயைப் பல் உதிர அடித்ததையும், மறுநாள் அவன் தன்னையே சுட்டுக்கொண்டதையும் ஒரு மாலை சொன்னார்.

"அப்படி அடிச்சாதான் சொல்தா உருப்படுவான்" என்று அப்பா என்னிடம் தமிழில் சிலாகித்தார்.

ஒரு ஞாயிறு மதியம் ஜெனரலைச் சாப்பிட அழைத்தோம். மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது.

"என் மானத்த வாங்கிட்டியேடி" என்று அப்பா ஆணியில் தொங்கிய பெல்ட்டை எடுத்தார். முதல் அடியில் அம்மாவின் காது கிழிந்தது.

"கார்தாவூ" என்று உறுமினார் ஜெனரல். விறைத்து நில் என்கிற பிரெஞ்சு உத்தரவு. அப்பா குதிகால்களைச் சேர்த்து நின்றார். வேறு நாட்டு ஜெனரல், அதுவும் ஓய்வுபெற்றவர். ஆனாலும் அப்பா நின்றார்.

நான் பெல்ட்டைப் பிடுங்கி, பக்கிள் பக்கமாக அப்பாவின் முகத்தில் அடித்தேன். உதடு பிளந்தது. அவர் அசையவில்லை. மறுபடி அடித்தேன். பல் ஒன்று தரையில் விழுந்தது. சத்தியமாகச் சந்தோஷமாக இருந்தது.

"போதும்டா, செத்துடப் போறாரு" என்று அம்மா என் காலைப் பிடித்தாள். நான் மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கினேன்.

ஜெனரல் என் மணிக்கட்டைப் பிடித்தார். "நானும் இரண்டு அடியோடு நிறுத்தியிருக்கலாம்" என்றார். பிறகுதான் அப்பாவை விறைப்பிலிருந்து கலையச் சொன்னார்.

அப்பா அதற்குப் பிறகு அம்மாவைத் தொடவில்லை. ஜெயித்துவிட்டதாகவே நினைத்திருந்தேன். அடுத்த வாரம், ரசத்தில் உப்பு குறைவு என்று சும்மா சொன்னேன்.

அம்மா சட்டென்று காதைக் கையால் மூடிக்கொண்டாள்.