தனுஷ்கோடி பார்த்த கரடி

குச்சியால் விட்டையைக் கிளறி, குனிந்து, மூக்கருகே கொண்டுபோய் ஓர் இழுப்பு இழுக்கிறார் தனுஷ்கோடி. கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து வந்தவரைப் போல முகத்தில் அப்படியொரு திருப்தி. "கரடிதான். நல்லா இலந்தப்பழம் தின்னுருக்கு. முந்தாநேத்து போட்டது." அடுத்த நிமிஷமே அதே கையால் எனக்குக் கடலைமிட்டாய் நீட்டுகிறார். இன்றைக்கு விரதம் என்று சொல்லித் தப்பித்தேன்.

வன்னியம்பட்டிக்கு மேற்கே ஒரு சரளை மண் குவாரி. தோண்டித் தோண்டி ஓடைக்கரை வரை வந்துவிட்டார்கள். இப்போது ஓடையையும் சேர்த்து இன்னும் எட்டு ஏக்கர் வேண்டுமாம். அப்படித் தோண்டினால் அங்குள்ள உயிர்களுக்கு என்ன ஆகும் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். முதலில் எழுதியவர்கள் காரை விட்டே இறங்கவில்லை போலிருக்கிறது. எந்தக் கடற்கரைக்கோ எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டு, 'இங்கே கடலாமைகள் முட்டையிடுவதில்லை' என்று உறுதி கூறியிருந்தார்கள். வாஸ்தவம்தான். அந்த அறிக்கை திரும்பி வந்துவிட்டது. இரண்டாவதாக எழுத வந்தவள் சத்யப்பிரியா, விலங்கியல் படித்த பெண். அவளுக்கு வழிகாட்டத்தான் தனுஷ்கோடி. கூடவே வேடிக்கை பார்க்க நான்.

ஆள் தேர்வு அபாரம்! ஐம்பத்துமூன்று வயதில் பாதியை முயல் பிடித்தே கழித்த மனிதர். இரண்டு வருஷத்துக்கு முன் வனத்துறை ரேஞ்சரிடம் மாட்டினார். "இன்னொரு தடவை கண்ணி வச்சேன்னு தெரிஞ்சா நேரா ஜெயிலுதான்" என்று எச்சரித்து விட்டார்கள். தடம், புழுக்கை, பொந்து எல்லாம் மனிதருக்கு அத்துப்படி. சத்யப்பிரியா பறவையின் லத்தீன் பெயரை எழுதினால், இவர் அதன் குழம்புப் பக்குவத்தைச் சொல்வார். "கவுதாரிக்கு மொளகு தூக்கலா இருக்கணும்மா. எழுதிக்கோங்க."

"பொறவு எதுக்கு அண்ணாச்சி குவாரி வேண்டாங்கிறீங்க?" என்று கேட்டேன்.

"நானும் முப்பது வருஷமாத் திங்கேன், தீரலையே. அந்த மிஷினு ஒரே வாரத்துல அம்புட்டையும் தீத்துரும்."

அந்த ஓடை மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. சொல்லத்தான் வெட்கம்.

அதற்கு அடுத்த வாரம் பஞ்சாயத்து ஆபீசில் கருத்துக் கேட்புக் கூட்டம். ரேஞ்சரும் வந்திருந்தார். கரடி நடமாட்டம் உண்டு என்று சத்யப்பிரியா வாசித்தாள். அது நிரூபணமானால் எட்டு ஏக்கரும் கம்பெனிக்குக் கிடையாது. கம்பெனி மேனேஜர் வைகுண்டராஜ் சிரித்தார்.

"போட்டோ இருக்காம்மா?"

இல்லை. மரத்தில் கட்டியிருந்த கேமராவை எந்தப் புண்ணியவானோ கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

"விட்டை இருக்கு சார். இலந்தக்கொட்டையோட."

"இலந்தப்பழம் மனுசனும்தான் திங்கான்."

தனுஷ்கோடிக்குப் பொறுக்கவில்லை. "மனுசன் அம்புட்டா போவான்? நீங்க போவீகளா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் சிரிப்பை அறிக்கையில் சேர்க்க முடியாதே.

"கண்ணால பாத்த ஆள் இருந்தா சொல்லட்டும். இல்லேன்னா அந்த வரியை அடிச்சிருங்க" என்றார் மேனேஜர். சத்யப்பிரியாவின் முகம் சுண்டிப்போயிற்று.

தனுஷ்கோடி ரேஞ்சரைப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் இருந்த மனைவி வெள்ளத்தாயைப் பார்த்தார். "செத்த சும்மா இரும்" என்று அவள் பல்லைக் கடித்தாள். மனிதர் எழுந்தே விட்டார். சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சபைக்கு முதுகைக் காட்டினார். தோளிலிருந்து இடுப்பு வரை நாலு தழும்புகள். முள்கம்பி கிழித்தது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாராம்.

"போன மாசியில சார். கம்பெனி கேக்குற அதே ஓடைலதான்."

"அங்க ஒமக்கு என்ன வேலை?" என்றார் ரேஞ்சர்.

"கண்ணி வைக்கப் போனேன்."

வெள்ளத்தாய் தலையில் கை வைத்துக்கொண்டாள். சத்யப்பிரியா பையைத் துழாவி ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். குள்ளமான பெண், மேல் தழும்பு எட்டவில்லை. தனுஷ்கோடி திரும்பிப் பார்க்காமலே, அவள் அளப்பதற்கு வாகாக முழங்காலை மடித்து முதுகைத் தாழ்த்திக் கொடுத்தார்.