கட்டிலின் தலைமாடு

ஐந்து மாதம் நான் ஒரு பெண்ணோடு ஒரே கட்டிலைப் பகிர்ந்துகொண்டேன். அந்த ஐந்து மாதமும் அவளை நான் பார்த்ததில்லை.

சுங்குவார்சத்திரத்தில், இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்கும் ஓர் அக்காவின் மாடியில் எங்கள் அறை. நான் ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில், அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். எனக்கு எப்போதும் பகல் ஷிப்ட். அவளுக்கு வேறொரு கம்பெனியில் எப்போதும் இரவு ஷிப்ட். காலை ஆறே முக்காலுக்கு நான் பஸ் ஏறுவேன், ஏழரைக்கு அவள் வந்து இறங்குவாள். மாலையில் இதுவே தலைகீழ். வார விடுப்பில் நான் காஞ்சிபுரம் போய்விடுவேன், அவள் பென்னலூரில் தன் அக்கா வீட்டுக்கு. சாவி கீழே மாவுக்கார அக்காவிடம் இருக்கும்.

பார்க்காமல் குடித்தனம் நடத்த ஒரு நோட்டு வைத்திருந்தோம். தொழிற்சாலையில் ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டுக்கு எழுதி வைக்கும் நோட்டு மாதிரியே கோடு போட்டு, தேதி, விவரம், நிலுவை, கையெழுத்து என்று நான்தான் பிரித்தேன். அவள் ஒரு வார்த்தை கேட்காமல் அப்படியே நிரப்பினாள். அன்றே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

ஐந்தாவது மாதம் அவள் கையெழுத்தில் இப்படி இருந்தது:

1. தண்ணீர் கேன் மாற்றியாயிற்று.
2. கொசுவத்தி இரண்டு மட்டுமே உள்ளது.
3. கட்டில் திருப்பிப் போடப்பட்டுள்ளது. காரணம்: வடக்கே தலை வைக்கக் கூடாது.

எங்கள் கட்டில் இரும்பு. ஒரு முனை உயரம், அதுதான் தலைமாடு. நான் அதை ஜன்னல் பக்கம் போட்டிருந்தேன், காற்றுக்காக. திரும்பவும் ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டு, "மன்னிக்கவும். ஜன்னல் இருப்பது வடக்கு அல்ல, வடகிழக்கு. செல்போன் திசைகாட்டியில் மூன்று முறை பார்த்துச் சராசரி எடுத்தேன்: 38 டிகிரி" என்று எழுதினேன்.

மறுநாள் பதில்: "நன்றி. நான் ஐந்து முறை பார்த்தேன். 4 டிகிரி. கட்டில் திருப்பப்பட்டது."

பத்து நாள் இப்படியே போனது. ஒரு கடுஞ்சொல் கிடையாது. தினமும் அவள் திருப்புவாள், நான் திருப்புவேன், இருவரும் நன்றி சொல்லிக் கையெழுத்துப் போடுவோம். பதினோராம் நாள்தான் எனக்கு உறைத்தது. நான் போனைத் தலைமாட்டில் வைத்துப் பார்த்திருக்கிறேன், அவள் கால்மாட்டில் வைத்திருக்க வேண்டும். இரும்புக் கட்டில் மேல் வைத்தால் எந்தத் திசைகாட்டி உண்மை பேசும்? சம்பளம் வாங்கிக்கொண்டு நான் செய்யும் வேலையே இதைக் கண்டுபிடிப்பதுதான். தரையில் வைத்துப் பார்த்தேன். 21 டிகிரி. வடக்கும் இல்லை, வடகிழக்கும் இல்லை. இருவருமே தவறு என்று எழுதி வைத்தேன். அவள் "ஏற்கிறேன்" என்று எழுதிவிட்டு, கட்டிலைத் திருப்பிவிட்டுப் போயிருந்தாள்.

அன்று சாவி கேட்கும்போது மாவுக்கார அக்கா சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இன்னாமா, தெனம் ரெண்டு வாட்டி மேல இன்னாத்த இழுக்கிறீங்கோ? சுண்ணாம்பு ஒதிர்ந்து மாவுல வுழுது. வாங்கிக்கினு போனவங்க திருப்பி எடுத்தாந்து தராங்க. இப்பத்தான் அந்தப் பொண்ணாண்டயும் சொல்லிட்டேன். இன்னொரு வாட்டி சத்தம் கேட்டா ரெண்டு பேரும் காலி பண்ணிக்கங்க."

அதற்கு முன் நான் இருந்தது பதினொரு பேர் படுக்கும் ஹாஸ்டல் ஹால். அழுவதற்குக்கூட குளியலறை வரிசையில் நிற்க வேண்டும். இந்த அறையில்தான் முதல்முறையாக உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒரு மாலை முழுக்கச் சும்மா உட்கார்ந்தேன். அதை ஒரு ஜன்னல் காற்றுக்காக இழக்க முடியாது. விட்டுக்கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். "இனி உங்கள் விருப்பப்படியே இருக்கட்டும்" என்று எழுதிவிட்டு, அவள் திசையிலேயே தூங்கினேன்.

மறுநாள் மாலை கட்டில் என் திசையில் இருந்தது. நோட்டில்: "இல்லை, உங்கள் விருப்பப்படியே. காற்று முக்கியம்."

அவள் பெருந்தன்மையைப் பயன்படுத்திக்கொள்வது முறையா? காலையில் கிளம்புமுன், சத்தம் வராமலிருக்க நான்கு கால்களிலும் பழைய துணி சுற்றி, கட்டிலை அவள் திசைக்குத் திருப்பினேன். மாலையில் அது என் திசையில் இருந்தது. துணிக்கு மேல் இன்னொரு துணி சுற்றியிருந்தது. ஆக, சண்டையில் கட்டில் நாளுக்கு இரண்டு முறை திரும்பியது. சமாதானத்திலும் இரண்டு முறை திரும்பியது. நேரம்தான் மாறியது. சண்டைக் காலத்தில் காலை ஏழரைக்குக் கேட்ட சத்தம், இப்போது ஆறரைக்கே கேட்டது.

ஆறாம் நாள் அக்கா இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகக் கூடாது, பதினோரு மணிக்கு மேலே வருவேன்.

அந்த ஞாயிறு ஏழரைக்குக் கதவைத் திறந்தேன். நான் நினைத்ததைவிடக் குள்ளமான பெண், டிபன் பையோடு நின்றாள்.

"நீங்கதான் பகலா?" என்றாள்.

"நீங்கதானே நைட்டு?" என்றேன்.

அதற்குமேல் பேச்சு வரவில்லை. எழுதியே பழகியிருந்தோம்.

பதினோரு மணிக்கு அக்கா கையில் மாவோடு வந்தார். நோட்டைப் புரட்டினார். டிகிரி, சராசரி, கையெழுத்து. நாற்பது பக்கம். யாருக்குத்தான் இன்னா பிரச்சனை என்று கேட்டார்.

"வடக்க தலை வைக்கக் கூடாதுன்னு அவங்க சொல்றதுதான் சரிக்கா" என்றேன் நான்.

"இல்லக்கா, அவுங்க சொல்லுததுதான் சரி. சன்னல் பக்கந்தான் காத்து வருது" என்றாள் அவள்.

அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தார். "அப்ப சண்ட யாரு போட்றது?"

அவர் தலையணையை எடுத்துக் கட்டிலின் மறு முனையில் போட்டார்.

"இவ இங்க தல வெக்கட்டும், அவ அங்க வெக்கட்டும். இதுக்குக் கட்டில இழுப்பாங்களா?"

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில், ஆனால் உயரமான முனைதானே தலைமாடு, என்றோம். ஒவ்வொரு பாகத்தையும் ஒரே வழியில்தான் வைக்க வேண்டும் என்று வருடக்கணக்கில் பழக்கப்பட்டவர்கள் நாங்கள். அக்காவுக்கு அதை விளக்க முயன்றேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி இறங்கிவிட்டார்.

அவளுக்குக் கண் செருகியது. நீங்க படுங்க என்றேன். ஞாயிறு உங்க லீவு, நீங்க படுங்க என்றாள். நீங்க ராத்திரி முழுக்க நின்னுட்டு வந்திருக்கீங்க என்றேன். உங்க ஊர்ப் பயணத்த நான் கெடுத்துட்டேன் என்றாள். கடைசியில் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் தரையில் பாய் விரித்துப் படுத்தோம்.

அக்கா திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்.

"எந்திரிங்க ரெண்டு பேரும். கட்டில் கீழ போவட்டும். மாவு பாக்கெட் அடுக்க எனக்கு ஆவும். ரூம்ல நீங்களே இருந்துக்கங்க."

அறை போகவில்லை என்பது புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. தலைமாட்டை நான் பிடித்தேன், கால்மாட்டை அவள். படி குறுகல். பின்பக்கமாக இறங்குபவருக்குத்தான் சிரமம்.

"நான் பின்னாடி நடக்கேன், நீங்க நேரா வாங்க" என்றாள்.

"வேணாங்க, நான் பின்னாடி போறேன்" என்றேன்.

பாதிப் படியில் கட்டிலைத் திருப்பத் தொடங்கினோம்.