என் கை பட்ட பலகை

என்னிடம் யாராவது "போனது போகட்டும், விட்டுத்தள்ளு" என்று சொன்னால், போனது அவர்களுடையது இல்லையே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றும். ஆகவே, நான் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டு ஆற அமர இதைச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சங்கரன்கோவிலில் நானும் அவளும் சேர்ந்து ஒரு பியூட்டி பார்லர் நடத்தினோம். அவள் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள், பிறகு என்னோடு சேர்ந்தே மேக்கப் கற்றுக்கொண்டவள். பேச்சு அவளுடையது, கை என்னுடையது. கல்யாண வீட்டாரிடம் இனிக்க இனிக்கப் பேசி அவள் ஆர்டர் பிடிப்பாள். மண்டபத்துக்குப் போய் மணமகளை உட்கார வைத்து வேலை பார்ப்பவள் நான். எங்கள் பக்கத்து மண்டபங்களில் மணமகள் அறை என்றால் ஒரு கட்டில், எட்டாத உயரத்தில் ஒரு கண்ணாடி, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி. அந்த நாற்காலிகளிலும் யாராவது ஒரு பெரியம்மாவோ அவருடைய கைப்பையோ உட்கார்ந்திருக்கும். மேசை மட்டும் இருக்கவே இருக்காது. சாமான்களைத் தரையில் பரப்பிக் குனிந்து குனிந்து எடுக்க வேண்டும். நடுவில் ஒரு சித்தி வந்து பவுடர் டப்பாவை மிதித்துவிட்டு, "வழியில வச்சிருக்கியே" என்று என்னையே திட்டிவிட்டுப் போவாள்.

முதுகு போச்சு என்று தினமும் வீட்டில் வந்து புலம்புவேன். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் என் வீட்டுக்காரர் அந்தப் பெட்டியைச் செய்தார். அவர் ராஜபாளையம் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தார். மூடியிருந்தால் அது ஊருக்குக் கொண்டு போகும் பெட்டி மாதிரிதான் இருக்கும். அடியில் மடக்கி வைத்த நாலு காலையும் இழுத்து நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் கொக்கியை எடுத்தால், தட்டுகள் படிப்படியாக வெளியே விரியும். ஒரு பக்கம் மேக்கப் சாமான், ஒரு பக்கம் ஜடை, நகை, ஊசி. மூடியைப் புரட்டி நடுவில் போட்டால் இடுப்பு உயரத்துக்கு அருமையான பலகை. பூவை அதன் மேல் வைத்து, நின்றபடியே எடுத்து எடுத்துச் சூட்டலாம். பலகைக்கு மைக்கா ஒட்டும்போது மறுமுனையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். "கையை ஆட்டாத, ஆட்டாத" என்று அவர் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தப் பெட்டி வந்த பிறகு எங்கள் கை ஓங்கியது. வாசுதேவநல்லூரிலிருந்தும் புளியங்குடியிலிருந்தும் ஆள் தேடி வந்தார்கள். அப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் பட்டறையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து, வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நான் பார்லருக்குப் போனேன். அவள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். அந்தப் பொறுமையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

"தப்பா நினைக்காத ட்டி. கல்யாண வீட்டுல கேக்காங்க. பொண்ணு தலையில பூ வைக்கது யாருன்னு கேக்காங்க. நான் என்ன சொல்லுவேன்? பேசியல், புருவம்னா நீ பாத்துக்கோ. மண்டபத்துக்கு வேண்டாம்."

எங்கள் ஊரில் மணப்பெண்ணுக்குப் பூ வைக்கும் கை சுமங்கலியின் கையாக இருக்க வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் எந்த வீட்டில் கேட்டார்கள் என்று நான் கேட்டதும் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்பதற்கு முன்பே இவளாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள் என்று பிறகு தெரிந்தது.

"சரி, என் பெட்டியைக் குடு. நான் போறேன்" என்றேன்.

"அது கடைச் சாமான்லா?" என்றாள்.

என் வீட்டுக்காரர் செய்த பெட்டி. நான் மறுமுனையைப் பிடித்த பெட்டி. கடைச் சாமானாம். அங்கே அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பூ மார்க்கெட் பக்கம் வரும்போதுதான் அழுதேன். அங்கே வாடிய பூவைக் கொட்டிய இடத்தில் நின்று அழுதால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து அவள் போட்ட ஒரு வீடியோ என் போனில் வந்தது. அதே பெட்டியை விரித்து வைத்துக்கொண்டு, "இது என் சொந்த ஐடியா, நானே டிசைன் பண்ணேன்" என்று சிரிக்கிறாள். கீழே ஆயிரம் பேர் சூப்பர் அக்கா, சூப்பர் அக்கா. எத்தனை தடவை திரும்பத் திரும்பப் பார்த்தேனோ, எனக்கே தெரியாது. மறுநாள் காலையில் பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்காரரை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். என் வீட்டுக்காரருக்கு முதலாளி, நல்ல மனுஷர். "அண்ணாச்சி, நீங்க வெல்டிங் பண்ணிக் குடுங்க. மத்த வேலையெல்லாம் நான் பாக்கேன். அந்தப் பெட்டியை இந்த வட்டாரத்துல மேக்கப் போடுத ஒவ்வொருத்திக்கும் விக்கணும்" என்றேன்.

"எதுக்கு தங்கச்சி இந்த ஆங்காரம்?"

"அவகிட்ட மட்டும்தான் இருக்குன்னு பீத்திக்கிட்டுத் திரியுதாள்லா, அதுக்குத்தான்."

அப்படித்தான் தொடங்கியது. ப்ளைவுட் அறுப்பது, கீல் பூட்டுவது, தட்டுகளுக்கு வெல்வெட் ஒட்டுவது எல்லாம் நான். செய்பவள் நான் என்று வெளியே சொல்லவில்லை. யார் செய்தது என்று தெரிந்தால் கல்யாண வேலை செய்யும் பெண்கள் வாங்கத் தயங்குவார்கள். அண்ணாச்சி பட்டறைப் பெட்டி என்றே பெயராகிவிட்டது. பனவடலிசத்திரத்தில் ஒரு பெண் வாங்கினாள், அவளைப் பார்த்துப் புளியங்குடியில் மூன்று பேர், அப்புறம் வாசுதேவநல்லூரில் ஓர் அக்கா, கடையநல்லூரில் மருதாணி போடும் அக்கா தங்கை. என் பழைய கூட்டாளியின் வீடியோவுக்குக் கீழே யாரோ, "இந்தப் பெட்டி எங்க ஊர்ல எல்லாரும் வச்சிருக்காங்களே" என்று எழுதியிருந்தார்கள். அன்று நான் வீட்டில் பாயசம் வைத்தேன்.

இன்னொன்றும் செய்தேன். புதுப் பெட்டியை மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் பட்டறையிலிருந்து அனுப்புவோம். அண்ணாச்சியின் சம்சாரம் வைக்கிறார் என்று வாங்குகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். வைத்தது நான். மார்க்கெட்டில் ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்து பலகையின் மேல் முதல் பூவாக வைப்பதும் நான். நான் போகக்கூடாத அறைக்குள் என் கை போகும், எந்தப் பலகையில் மணப்பெண்ணின் பூவை வைக்கிறார்களோ அதில் நான் முதலில் வைத்திருப்பேன், ஒருத்திக்கும் தெரியாது. ஒவ்வொரு பெட்டியும் ஆட்டோவில் ஏறும்போது எனக்கு அப்படியொரு நிம்மதி.

பழைய பெட்டியில் ஒரு குறை இருந்தது. காலை நிறுத்தாமல் தட்டை இழுத்தால் ஒரு பக்கமாகக் கவிழ்ந்துவிடும். அதனால் நான் செய்தவற்றில் ஒரு தடுப்பு வைத்தேன். கைப்பிடிக்கு அடியில் ஒரு சின்ன முளை இருக்கும். அதைத் திருப்பிக் காலைப் பூட்டினால் மட்டுமே கொக்கி விடும். இல்லையென்றால் பெட்டி அசையாது. வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும் அண்ணாச்சி அதைத் திறந்து காட்டி, அவர்களையும் திறக்கச் சொல்லிப் பார்த்துத்தான் அனுப்புவார்.

ஒரு நாள் அவளும் பெட்டி கேட்டு ஆள் அனுப்பினாள். பழையது தொங்கிப்போய்விட்டதாம். இருப்பதிலேயே பெரியது வேண்டுமாம், ஆனால் பட்டறையில் வாங்கியது என்று வெளியே தெரியக்கூடாதாம். அண்ணாச்சி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தப் பெட்டியைப் போல இழைத்து இழைத்து நான் எதையும் செய்ததில்லை. கொடுக்கும் நாளில் அண்ணாச்சியிடம், "இதை மட்டும் திறந்து காட்ட வேண்டாம்" என்றேன்.

"எப்படித் திறப்பா?"

"அவதான கண்டுபிடிச்சவ. திறக்கட்டும்."

அவள் வாய் திறந்து கேட்டிருந்தால் அண்ணாச்சி ஒரு நொடியில் காட்டியிருப்பார். கேட்கவில்லை. அவள் ஆள் மூலம் கொடுத்துவிட்ட சாமான்களை முன்பே உள்ளே அடுக்கி, பெட்டியை மூடி வைத்திருந்தோம். நான் உள்ளே ஒதுங்கிக்கொண்டேன்; அவள் வந்து, "எனக்குத் தெரியாததா" என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனாள். நேரே ஒரு கல்யாணத்துக்கு.

அன்று காலையில் நான் பட்டறையில் இருந்தேன். அண்ணாச்சியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் அவள் குரல். "அண்ணாச்சி, பெட்டி திறக்க மாட்டேங்கு. நகை, ஜடை, ஊசி எல்லாம் உள்ள கிடக்கு. முகூர்த்தத்துக்கு நேரம் ஆவுது. உடைக்கவும் முடியல. யாரையாவது அனுப்புங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "ஆள் அனுப்புதேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் முகம் கழுவி, புடவையை உதறிக் கட்டிக்கொண்டு போனேன். மண்டபம் புளியங்குடி ரோட்டில்தான் இருந்தது. மணமகள் அறைக் கதவுக்கு முன்னால் என் கால் தானாக நின்றது. அந்த மாதிரி ஓர் அறைக்குள் போய் எனக்கு வருஷங்கள் ஆகியிருந்தன.

உள்ளே போனேன். ஈரத்தலையோடு, கைப்பையில் இருந்ததை வைத்துப் போட்ட பாதி மேக்கப்பில் மணப்பெண். பக்கத்தில் கூறைப்புடவையோடு மாப்பிள்ளையின் அம்மா. அவருடைய மூத்த மருமகள் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். நடுவில், அசையாத பெட்டிக்கு முன்னால் வியர்த்து வழிந்துகொண்டு அவள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்க்கத்தானே நான் வந்தேன்.

முளையைத் திருப்பி, காலை நிறுத்தி, கொக்கியை எடுத்தேன். தட்டுகள் சத்தமில்லாமல் விரிந்தன. பலகையைப் புரட்டிப் போட்டேன்.

"அத்தை, என் கல்யாணத்துக்கு மேக்கப் போட வந்தவங்களும் இதே மாதிரிப் பெட்டிதான் கொண்டு வந்தாங்க" என்றாள் மூத்த மருமகள். "வாசுதேவநல்லூர் அக்கா. ஞாபகம் இருக்கா?"

மாப்பிள்ளையின் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "வேலை தெரிஞ்ச பிள்ளையா இருக்கியே. அப்படியே ஜடையையும் பிடிச்சு, பூவையும் வச்சிரு தாயி. நேரம் ஆவுது."

நான் கையை நீட்டியிருப்பேனோ என்னவோ, அதற்குள் அவள் குறுக்கே வந்துவிட்டாள். "ஐயோ, வேண்டாம்மா. இது பட்டறை ஆளு, பெட்டியைத் திறக்கத்தான் வந்தா. வீட்டுக்காரர் இல்லாதவ. பூவைத் தொடக்கூடாது."

மாப்பிள்ளையின் அம்மா கூறைப்புடவையை மடியோடு இழுத்து அணைத்துக்கொண்டார். என் மேல் பட்டுவிடுமாம். அவமானத்தில் எனக்குக் காது சூடாகியது. ஆனால் இந்த முறை வெளியே போய் அழ எனக்கு விருப்பமில்லை.

"ஆமாம்மா" என்றேன். "என் வீட்டுக்காரர் செத்துட்டாரு. முதல் பெட்டி அவர் செஞ்சது. இவ பிடுங்கிக்கிட்டா. அதுக்கப்புறம் வந்த எல்லாப் பெட்டியும் நான் செஞ்சது. இது மட்டுமில்ல, வாசுதேவநல்லூர் அக்கா வச்சிருக்காள்லா, அதுவும்தான். ஒவ்வொரு பலகைக்கும் மஞ்சள் குங்குமம் வச்சது இந்தக் கை. அது மேல முதல் பூ வச்சது இந்தக் கை. உங்க மூத்த மருமக தலையில ஏறின பூ என் பலகையில இருந்துதான் ஏறுச்சு."

நான் விடவில்லை. இத்தனை வருஷம் உள்ளே கிடந்தது, பாதியில் நிற்குமா?

"இந்தா நிக்கா உங்க மருமக. இடுப்புல உங்க பேரன். சொல்லுங்கம்மா, எந்தப் பிள்ளைக்கு என்ன குறை வந்துச்சு?"

மாப்பிள்ளையின் அம்மா பேரனைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். குறை என்று ஒரு வார்த்தை சொன்னால் அது அந்தக் குழந்தையின் தலையில்தான் விழும். அது அவருக்குப் புரிந்துவிட்டது. புரியட்டும் என்றுதான் நானும் சொன்னேன். மூத்த மருமகள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தன் மாமியாரின் வாயையே பார்த்தபடி நின்றாள்.

"நேரம் ஆவுது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, யார் முகத்தையும் பார்க்காமல். "அந்தப் பிள்ளையே வைக்கட்டும்."

மணப்பெண் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். பூச்சரம் அவள் கையில் இருந்தது, என் பழைய கூட்டாளியின் கையில். நான் கையை நீட்டினேன். "கொண்டா" என்றேன். அவள் கொடுக்க மனசில்லாமல் கொடுத்தாள். "ஊசியை ஒண்ணொண்ணா எடுத்து நீட்டு" என்றேன். அதையும் செய்தாள். எங்கே நின்றால் கண்ணாடியில் தன் முகம் தெரியாது என்று அவள் நகர்ந்து நகர்ந்து பார்த்தாள். நான் பெட்டியைக் கொஞ்சம் தள்ளி அந்த வழியை அடைத்தேன்.

வைத்து முடிக்கக் கொஞ்ச நேரமே போதும். நான் அதிகமாகவே எடுத்துக்கொண்டேன்.