எல்லாம் பச்சை

நூற்றுச் சொச்சம் கம்ப்யூட்டர்களுக்கு நாடி பிடித்துப் பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. கடை, கிளினிக், பள்ளி அலுவலகம் என்று வாடிக்கையாளர்களின் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் ஒரு கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு வைத்திருந்தார். எங்கே எது தடுமாறினாலும், அவர் அலுவலகச் சுவரில் இருக்கும் பெரிய திரையில் அதன் புள்ளி மஞ்சளாகும்; முற்றினால் சிவப்பு. மற்றபடி பச்சை. யார் நலம் விசாரித்தாலும் "எல்லாம் பச்சை" என்றே சொல்லிச் சொல்லி, மச்சான் வைத்த 'பச்சை' என்ற பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது.

வருகிறவர்கள் அந்தத் திரையைப் பார்த்து வாய் பிளப்பதில் அவருக்கு அப்படியொரு சுகம். அதற்காகவே தன் நிறுவனத்தின் பெயரைத் தங்க எழுத்தில் அடித்து, திரையின் மூலையில் ஒட்டி வைத்தார். கடைசியாக எப்போது தகவல் வந்தது என்று மணி காட்டும் மூலை அது. மணி பார்க்கக் கடிகாரம் இல்லையா என்ன? போனுக்கு வரும் எச்சரிக்கைகளையும், சாப்பிடும்போது தொல்லை என்று அணைத்துவிட்டார். திரைதான் இருக்கிறதே.

முதல் வாடிக்கையாளர் ஒரு கண் டாக்டரம்மா. மற்றவர்கள் வந்ததே அந்த அம்மா சொல்லித்தான். போன மாதம் அங்கே கம்ப்யூட்டர்கள் ஒருமுறை நின்றபோது, இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பச்சை அந்தக் கிளினிக்கின் புள்ளிகளைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது திரையைத்தான் என்பது வேறு விஷயம்.

ஒரு நாள் காலை அவர் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது மனைவி போன் செய்தாள். கண் பரிசோதனைக்கு அதே கிளினிக்குக்குத்தான் போயிருந்தாள்.

"ஏங்க, இங்க ஒரு கம்ப்யூட்டரும் வேலை செய்யலையாம். பேப்பர்ல எழுதிட்டிருக்காங்க."

"சும்மா இரு. இங்க எல்லாம் பச்சை."

"நான் இங்கதானே உக்காந்திருக்கேன்."

"நான் திரைய பாத்துட்டுதானே சொல்றேன்."

கைப்புண்ணுக்குக் கண்ணாடி தேடுகிற ஆள் அவர். புண்ணே இல்லை என்று கண்ணாடியைக் காட்டி வாதாடினார். அவள் போனை வைத்த பிறகுதான் மௌசை அசைத்துப் பார்த்தார். அம்பு நகரவில்லை. தங்க எழுத்தை உரித்தார். அதன் அடியில் நேற்று மாலை நேரமே நின்றிருந்தது. திரையை ஓட்டும் அவருடைய சொந்தக் கம்ப்யூட்டர் நேற்றே உறைந்துவிட்டது. நேற்றைய பச்சையைப் பார்த்துத்தான் இன்று டீ குடித்திருக்கிறார். ஊரார் கம்ப்யூட்டரையெல்லாம் பட்டியலில் சேர்த்தவர் தன்னுடையதைச் சேர்க்கவே இல்லை.

தன் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டதும் கிளினிக் முழுக்கச் சிவப்பு. சர்வரில் டிஸ்க் நிறைந்துவிட்டிருந்தது. பழைய நகல்களை நீக்கி, இருந்த இடத்திலிருந்தே சரி செய்துவிட்டார். வேலை தெரியாத ஆள் இல்லை. ஆனால் டாக்டரம்மாவின் முகத்தை இருந்த இடத்திலிருந்து பார்க்க முடியாதே. நேரே கிளினிக்குக்குக் கிளம்பினார். திரை முன்பே சொல்லிவிட்டது, சரி செய்துகொண்டேதான் இருந்தேன் என்று வழியெல்லாம் ஒரு பொய்யைப் பழகிக்கொண்டார்.

"உங்க திரை உங்களுக்கு எப்ப சொல்லுச்சு?" என்றார் டாக்டரம்மா.

பழகிய பொய்யைச் சொல்ல வாயெடுத்தார். பக்கத்து நாற்காலியில், கண்ணில் மருந்து விட்டதால் எதிரில் நிற்பது யாரென்றே தெரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மனைவி உட்கார்ந்திருந்தாள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"திரை சொல்லல, டாக்டர். இவதான் சொன்னா. அதையும் நான் நம்பல."

டாக்டரம்மா, கண்ணில் மருந்தோடு இருக்கிறவருக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லையா என்று சிரித்தார். வேறு ஆள் தேடவில்லை. ஒரே ஒரு நிபந்தனை. எச்சரிக்கை எல்லாம் இனி மனைவியின் போனுக்கும் போக வேண்டும்.

வீட்டில் அவளுடைய எண்ணை மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருந்தார். தனக்கு இதில் என்ன வேலை என்று கேட்டாள்.

"நான் எல்லாம் பச்சைன்னு சொன்னா, நீ நம்பக் கூடாது. அவ்வளவுதான்."

"அத கல்யாணம் ஆனதுலேர்ந்து செஞ்சுட்டுதானே இருக்கேன்."