உள்ளான் திட்டு

சேற்று வாடையும் உப்புக் காற்றும் ஒன்றாய் மூக்கில் ஏறினால்தான் எனக்கு மார்கழி பிறந்ததாக அர்த்தம். கும்மிடிப்பூண்டி இரும்புத் தொழிற்சாலையில் ஆறு நாளும் உலையோடு வெந்துவிட்டு, ஞாயிறு விடிந்ததும் "நைனா" என்னை மொபெட்டின் முன்னால் நிற்கவைத்துக்கொண்டு கவரைப்பேட்டையிலிருந்து பழவேற்காட்டுக்குக் கிளம்பிவிடுவார். "இந்தக் குளுர்ல கொக்கு பாக்கப் போவுதுங்க, ரெண்டு பைத்தியம்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

கடற்கரையில், அலை உள்வாங்கியதும் ஓடிக் கொத்திவிட்டு, அது திரும்புமுன் தப்பி ஓடிவரும் குட்டிக் குட்டி "உள்ளான்" குருவிகள். பின்பக்க உப்பங்கழியில் ஒற்றைக்காலில் பூநாரைகள். பைனாகுலருக்கு எங்கே போவது, வெறுங்கண்தான். கழியில் தண்ணீர் ஏறிவிட்டால் அத்தனை உள்ளான்களும் போய் ஒண்டுகிற மணல் திட்டு ஒன்று இருந்தது. நைனாவோடு ஒன்றாகப் படித்த, கழியில் இறால் பிடிக்கிற மாரி மாமா அதை எங்களுக்கு மட்டும் காட்டியிருந்தார். "ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது, தெரிஞ்சா எல்லாம் சட்டிக்குப் போயிடும்" என்பார்.

நான் சொல்லிவிட்டேன். எட்டு வயது, வாய் சும்மா இருக்குமா? கரையில் கடலைமிட்டாய் கொடுத்த யாரோ ஒரு அண்ணன், "இன்னா பாப்பா, இதுங்கல்லாம் எங்க போய்த் தூங்குது?" என்று கேட்டதும், எல்லாம் தெரிந்த பெருமையில் கைநீட்டிக் காட்டிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு திட்டில் இறகுகள் மட்டும் கிடந்தன. திரும்பும் வழியில், புதுவாயல் கூட்டுரோட்டில், கால் கட்டிய உள்ளான்களை ஒருவன் கொத்தாகத் தூக்கிக் காட்டி விற்றுக்கொண்டிருந்தான்; சிலவற்றுக்கு இன்னும் உயிர் இருந்தது. நைனா வண்டியை நிறுத்தி, "நீ யாருகிட்டயாவது சொன்னியாம்மா?" என்று கேட்டார். "இல்ல நைனா" என்றேன். அப்படியானால் மாரிதான் என்று முடிவுகட்டி, வந்த வழியே வண்டியைத் திருப்பி, மாமா வீட்டு வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி கத்தித் தீர்த்தார். மாமா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நைனாவின் லுங்கியைப் பிடித்துக்கொண்டு கல்லாட்டம் நின்றேன், பாவி.

அதற்கப்புறம் நாங்கள் கழிப் பக்கமே போகவில்லை. ஞாயிறுகளில் நைனா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தே கிடப்பார். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டேன்; போன மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தத் தை மாதம் மாமாவைத் தேடிப் போனேன். திட்டும் சுற்றியிருந்த சேறும் மண் கொட்டி நிரவப்பட்டு, அங்கே லாரிகள் வரிசையாய் நிற்கின்றன. பேருக்கு ஒரு உள்ளான்கூட இல்லை. மாமாவிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அசரவே இல்லை.

"வல போட்டவனே எங்கிட்ட சொல்ட்டாம்மா, பாப்பாதான் காட்டுச்சுன்னு. உங்க நைனா கோவக்காரன், கொழந்தய அடிச்சுட்டான்னா? அதான் அந்தப் பேச்ச நானே வாங்கிக்கினேன். ரெண்டு நாள்ல ஆறிடுவான், வந்துடுவான்னு பாத்துக்கினே இருந்தேன்."

லாரிகள் பக்கம் திரும்பிக்கொண்டு, "கடைசீல என்னப் பத்திக் கேட்டானாம்மா?" என்றார்.

நைனா கேட்கவில்லை. அந்தப் பெயரையே அவர் வாயில் எடுக்கவில்லை.

"கேட்டார் மாமா" என்றேன்.