ஒவ்வொரு பின்னேரமும் ஒரு முழுவியளம்

எண்பத்தெட்டாம் ஆண்டு, தீவில் எங்கள் ஊரான சரவணையில் நடந்தது இது. நான் ஏ.எல். சோதனை எழுதிவிட்டு, பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று தெரியாமல், வீட்டில் இருக்கவும் பிடிக்காமல் சைக்கிளும் கையுமாகத் திரிந்த காலம். சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. ஆனால் எங்கள் வீதியால் பஸ் மட்டும் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. வாசிகசாலையில் நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து, பஸ்ஸைத் திரும்ப விடச் சொல்லி மனு எழுதி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினோம். என் வேகத்தைப் பார்த்து அம்மா, "உனக்குச் சோறும் வாசிகசாலையிலையே போடச் சொல்லு" என்று பேசுவார்.

அடுத்த வளவில் பெரியம்மா இருந்தார், அம்மாவின் அக்கா. பெரியப்பா தெற்கே ஒரு பட்டணத்தில் முப்பது வருடம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். எங்கள் தீவில் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. ஆண்கள் கடையோடு அங்கே, பெண்கள் இங்கே. திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் வருவார்கள், லீவு முடியப் போய்விடுவார்கள். பெரியம்மாவுக்குப் பிள்ளைகளும் இல்லை. கல்யாணம் கட்டிய காலம் முழுவதையும் கூட்டிப் பார்த்தாலும் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது கொஞ்சக் காலம்தான். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கடையை எரித்தார்கள். பெரியப்பா உடுத்த வேட்டியோடு கப்பலில் வந்து இறங்கினார். இனியாவது சேர்ந்து இருக்கலாம் என்று பெரியம்மா நினைத்திருப்பார். அதற்குள் பெரியப்பாவுக்கு மறதி தொடங்கிவிட்டது. அறளை பேர்ந்துவிட்டது என்று ஊரில் சொல்லுவார்கள். பெரியம்மா ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. வெளியாட்கள் கேட்டால், "அவருக்குக் கொஞ்சம் களைப்பு" என்று முடித்துவிடுவார்.

காலையில் பெரியப்பா கதிரையில் அமைதியாய் இருப்பார். பின்னேரத் தேத்தண்ணி குடித்து முடிந்ததும்தான் தொடங்கும். கதிரையில் இருக்கமாட்டார். வேட்டியை மாற்றுவார், அலுமாரியைத் திறப்பார்.

"லீவு முடிஞ்சுது. கடையிலை பெடியன் தனிய நிப்பான். நான் வெளிக்கிடப் போறன்."

முதலில் பெரியம்மா உண்மையைச் சொல்லிப் பார்த்தாராம். கடை எரிந்துபோனதைக் கேட்டதும் பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அடுத்த நாள் பின்னேரம் திரும்பவும் கடைக்குப் போக வெளிக்கிட்டார். திரும்பச் சொன்னபோது, முதன்முதல் கேட்கிற மாதிரியே திரும்ப அழுதார். "ஒரு மனிசனுக்கு எத்தினை தரம் கடையை எரிக்கிறது, பிள்ளை?" என்றார் பெரியம்மா. அதோடு உண்மை சொல்வதை விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு, இத்தனை வருடமும் எப்படி அனுப்பினாரோ அப்படியே அனுப்பத் தொடங்கினார். பையில் உடுக்க ஒரு சாரம், எள்ளுருண்டை, பனங்களியைக் காயவைத்துச் செய்த பினாட்டு. பிறகு செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு முன்னதாக வாசல் படலைக்கு வெளியே போய் நிற்பார். பெரியப்பா படி இறங்கும்போது எதிரே நடந்து வருவார். பயணம் போகிறவருக்கு முன்னால் நிறைசெம்போடு ஒரு சுமங்கலி வந்தால் போன காரியம் நல்லபடி முடியும் என்பது எங்கள் வழக்கம். அதைத்தான் முழுவியளம் என்போம். பெரியப்பா அந்த முகத்தைப் பார்த்து, "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு ஒழுங்கையால் நடந்து, பஸ் நிற்கிற இடத்து மதகில் போய்க் குந்துவார்.

பஸ் வராது. ஆட்களையும் மூட்டைகளையும் ஒன்றாக ஏற்றுகிற தட்டிவான் வந்தால் ஏறமாட்டார். கடை முதலாளி அல்லவா!

கொஞ்ச நேரத்தில் நான் சைக்கிளில் போவேன். அது என் வேலை.

"பெரியப்பா, இண்டைக்கு பஸ் இல்லையாம்."

"உவங்களை நம்பேலாது. சரி, நாளைக்குப் பார்ப்பம்."

திரும்பி நடக்கும் அந்தக் கொஞ்சத் தூரத்தில் போக வெளிக்கிட்டதே அவருக்கு மறந்துபோகும். கையில் பை இருக்கிறது, கண் முன்னால் சொந்தப் படலை தெரிகிறது. அப்படியென்றால் ஊருக்கு வந்திருக்கிறார்! முகம் மலர்ந்துவிடும். படலையைத் தள்ளிக்கொண்டே சத்தமாகக் கூப்பிடுவார்.

"இஞ்சாரும்! நான் வந்திட்டன்!"

பெரியம்மா குசினியிலிருந்து சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவருவார். பையை வாங்கி, தானே கட்டிக் கொடுத்ததைத் தானே அவிழ்ப்பார்.

"பினாட்டோ! எங்கையப்பா வாங்கினனீங்கள்?"

"அங்கை இப்ப எல்லாம் கிடைக்குது. உமக்கெண்டுதான் கொண்டு வந்தனான்."

சரவணைப் பினாட்டு சரவணைக்கே பரிசாக வந்து சேரும். நான் சிரிப்பை அடக்கமுடியாமல் வேலிப் பக்கம் திரும்பிக்கொள்வேன். பெரியம்மா சிரிக்கமாட்டார். நாள் முழுவதும் அவரை 'ஆர் நீர்?' என்பதுபோலப் பார்க்கிற மனிதர், அந்த நேரத்தில் மட்டும் மனைவி என்று அறிந்து பார்ப்பார். படுக்கைக்குப் போகும் வரைக்கும் அந்த வெளிச்சம் நிற்கும். ஒவ்வொரு நாளும் காலையிலிருந்து பெரியம்மா காத்திருந்தது அதற்காகத்தான்.

எங்கள் மனு பலித்தது. திங்கட்கிழமையிலிருந்து பஸ் என்று அறிவித்தார்கள். ஒரு வாரமாக எனக்குத் தலைகால் தெரியவில்லை. மாவிலைத் தோரணம், தேங்காய், கற்பூரம் எல்லாம் ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரமே வெள்ளோட்டமாக ஒரு பஸ் வரும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் தோரணத்துக்கு நூல் வாங்கிக்கொண்டு கடைப் பக்கமிருந்து வருகிறேன், எதிரே பஸ்! வாசிகசாலைப் பொடியன்கள் அதற்குள் எங்கிருந்தோ பூமாலை பிடித்துக் கட்டியிருந்தார்கள். நான் சைக்கிளில் நின்றபடியே கையை உயர்த்திக் கூச்சலிட்டேன். முன் சீற்றில் இருந்து ஒருவர் எனக்குப் பதிலுக்குக் கை காட்டினார். வெள்ளை வேட்டி, மடியில் பை.

பஸ் என்னைக் கடந்து போன பிறகுதான் அது பெரியப்பா என்று மூளைக்கு எட்டியது.

மதகடியில் நின்றவர்களிடம் ஓடினேன். "ஐயா எவ்வளவு நாளாய்ப் பார்த்துக்கொண்டிருந்தவர்! முதல் பயணம் அவருக்குத்தான் எண்டு நாங்கள்தான் கைபிடிச்சு ஏத்திவிட்டனாங்கள்" என்றான் ஒருவன் பெருமையாக. அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பெரியம்மா அத்தனை கவனமாக மறைத்து வைத்திருந்தார்.

பெரியம்மா படலையில் நின்றிருந்தார். நான் சொல்லி முடிக்குமுன்பே சேலையைச் செருகிக்கொண்டு, பிறந்ததிலிருந்து சைக்கிளில் ஏறியே அறியாதவர், பின் கரியரில் ஏறிக் குந்திவிட்டார்.

"உழக்கு, பிள்ளை. அவரிட்டை அடையாள அட்டை இல்லை."

வேலணையெல்லாம் தாண்டி, இரண்டு பக்கமும் கடல் கிடந்த, யாழ்ப்பாணம் போகும் பண்ணைத் தாம்போதியால், எதிர்க்காற்றில் உழக்கினேன். ஊரடங்கு தொடங்குமுன்னம் பிடிக்கவேண்டும். பெரியம்மா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்திருந்தார்.

பாலத்தடியில் இந்திய ஆமியின் காவலரணில், அந்தச் சென்றியில், எல்லோரையும் இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். அட்டை இல்லாதவரை வைத்துக்கொண்டு பஸ்ஸை அனுப்பிவிட்டார்கள். மண்மூடைக்குப் பக்கத்தில் வெயிலில் பெரியப்பா குந்தியிருந்தார். பையைக் கொட்டிப் பார்த்திருந்தார்கள். எள்ளுருண்டைகள் மண்ணில் கிடந்தன. பெரியப்பா அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஊதி ஊதி வைத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா துவக்கையும் பார்க்கவில்லை, நின்றவர்களையும் பார்க்கவில்லை. நேரே போய் அவர் முன்னால் நின்றார்.

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்தது.

"ஏன் நீர் இவ்வளவு தூரம் வந்தனீர்? நான் வீட்டைதானே வாறன்!"

மொழி தெரியாத அந்தச் சென்றிக்காரனுக்கும் ஏதோ விளங்கியிருக்கவேண்டும். போ என்று கையைக் காட்டினான். திரும்பி வந்த அதே பஸ்ஸில், சைக்கிளைக் கூரையில் போட்டுவிட்டு வந்தோம். பெரியப்பா பெரியம்மாவின் கையை வழிமுழுக்க விடவில்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு பஸ்ஸில் பயணம் செய்ததை நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

வீட்டில் சொந்தம் கூடியிருந்தது. பெரியப்பாவின் தம்பி, தங்கச்சி. அடுத்த ஊரிலேயே இருந்தும் இந்தப் படலைக்குள் எட்டிப் பார்க்காதவர்கள், அன்றைக்குக் கதிரை இழுத்துப் போட்டு இருந்தார்கள்.

"என்ன மச்சாள், அண்ணையைத் துலைச்சுப்போட்டு நிம்மதியாய் இருப்பம் எண்டு பார்த்தனீங்களோ?" என்று தங்கச்சி தொடங்கினார்.

தம்பியாரும் சேர்ந்துகொண்டார். "இண்டைக்கு றோட்டெல்லாம் இதுதான் கதை. அறளை பேர்ந்த மனிசனுக்குப் பையும் கட்டிக் குடுத்து, செம்பும் கையுமாய் முழுவியளத்துக்கும் வாறாவாம்! உலகத்திலை ஆரும் கேள்விப்பட்டதே?"

"அவரை அமத்தத்தான் பெரியம்மா..." என்று நான் தொடங்கினேன்.

"நீர் பேசாமல் இரும். பஸ்ஸைக் கொண்டுவந்த ஆக்கள் நீங்கள்தானே!" என்று தம்பியார் என்னை வெட்டினார்.

பெரியம்மா ஒன்றுதான் கேட்டார். "அப்ப ஆராவது ஒராள் பின்னேரங்களிலை வந்து அவரோடை இருங்கோவன். பிறகு நான் இதொண்டும் செய்யமாட்டன்."

ஆளுக்கொரு சாட்டுச் சொன்னார்கள். தம்பியாருக்குத் தோட்டத்தில் தண்ணீர் இறைப்பு. தங்கச்சிக்கு முழங்கால் உளைவு. அடுத்த நாள் காலையில் தம்பியார் வந்தார், ஒரு சங்கிலியோடும் பூட்டோடும். படலையைத் தானே பூட்டிக் காட்டினார். சாவியைப் பெரியம்மாவின் கையில் வைத்து, "இனி ஏதும் நடந்தால் நீங்கள்தான் பொறுப்பு. பேந்து எங்கடை வாசலுக்கு வரக்கூடாது" என்றார்.

பஸ் இப்போது ஒவ்வொரு பின்னேரமும் தவறாமல் வந்தது. ஒழுங்கை முனையில் அது கோர்ன் அடிக்கும்போதெல்லாம் பெரியப்பா பூட்டிய படலையைப் பிடித்து உலுக்குவார். வேறு பக்கம், கடற்கரைக்குக் கூட்டிப் போகலாம் என்று நான் முயன்றேன். "பஸ் அங்காலையெல்லே" என்று கையை உதறிவிட்டார். பெரியம்மா வளவுக்குள்ளேயே செம்பு எடுத்துக்கொண்டு எதிரே நடந்து வந்தும் பார்த்தார். படலை திறக்காமல் என்ன பயணம்? போகாதவர் எப்படித் திரும்பி வருவார்? "இஞ்சாரும், வந்திட்டன்" என்ற அந்தக் குரலை அதற்குப் பிறகு நாங்கள் கேட்கவேயில்லை.

வேறு ஒன்று கேட்டோம். ஒருநாள் படலைக் கம்பைப் பிடித்தபடி பெரியம்மாவிடம் மிக மரியாதையாகக் கெஞ்சினார்.

"தங்கச்சி, ஒருக்கால் திறந்து விடும். ஊரிலை என்ரை மனிசி பார்த்துக்கொண்டிருப்பா."

"நான்தானப்பா உங்கடை மனிசி."

பெரியப்பா சங்கடமாகச் சிரித்தார். "பகிடி விடாதையும். அவ கேள்விப்பட்டால் கோவிப்பா."

பெரியம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

அடுத்த வருடம் பெரியப்பா செத்துப்போனார். செத்த வீட்டில் ஊரே தம்பியாரைப் புகழ்ந்தது. கடைசி மட்டும் தமையனை ஒரு இடமும் போகவிடாமல் பத்திரமாய் வைத்திருந்தாராம். தம்பியார் அடக்கமாகத் தலையாட்டினார். பெரியம்மா அழவில்லை என்று தங்கச்சி எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து எல்லோரும் போனபின் பெரியம்மா என்னிடம் மட்டும் சொன்னார்:

"அவர் எப்பவோ போயிட்டார், பிள்ளை. திரும்பி வாறதுக்குத்தான் இவையள் விடேல்லை."

பஸ் வந்தது நல்லதுதான். அதில் எனக்கு இன்றும் வேறு கருத்து இல்லை. ஆனால் தங்கள் வீட்டு நோயாளியைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டோம் என்று யாராவது சபையில் சொல்லக் கேட்டால், அந்தப் பூட்டை வாங்கிவந்தது யார், சாவியைச் சுமந்தது யார் என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.