மொட்டை மாடியில் மஞ்சள் கிண்ணங்கள்

செங்கல்வராயன் முப்பத்தோரு நாடு சுற்றிய பூச்சி விஞ்ஞானி. ஆனால் பெரு நாட்டுக் காட்டைப் பற்றிச் சொன்னாலும் தான் பிறந்த அயனம்பாக்கத்துப் பேச்சில்தான் சொல்வார். "அங்க ஒரு வண்டு கீது நைனா, உள்ளங்கை சைஸு. ஆனா சாது," என்பார். கல்யாண வரவேற்புக்குப் போனால் மணமக்களை விட்டுவிட்டு, மேடைப் பூ அலங்காரத்துக்குள் பூதக்கண்ணாடியோடு தலையை நுழைப்பார். அவர் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த டப்பாவை ஒருமுறை கேட்காமல் திறந்தேன். இன்றுவரை வேறு யார் வீட்டு ஃபிரிட்ஜையும் நான் திறப்பதில்லை.

ரிட்டயர் ஆனதும் மனைவி சரசாவோடு ஏரிக்கரை ஓரமுள்ள எங்கள் அடுக்குமாடிக்கு வந்தார். மொட்டை மாடியில் பன்னிரண்டு மஞ்சள் கிண்ணங்களில் சோப்புத் தண்ணீர் வைத்தார். மஞ்சளைப் பூவென்று நம்பி வரும் குளவிகள் அதில் விழும். கடுகில் பாதி இருக்கும் ஒரு குளவி, உலகில் யாரும் பார்க்காத இனம், அப்படித்தான் சிக்கியது. அது ஆண். பெண்ணும் கிடைக்காமல் பெயர் வைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார்.

நான் ரகுநாதன், குடியிருப்போர் சங்கச் செயலாளர். பாடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் குறை கண்டுபிடிப்பதையே வேலையாகச் செய்தவன். ஒருநாள் காலை, டெங்கு சோதனைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. தேங்கிய தண்ணீரைப் பார்த்தால் சங்கத்துக்கு நோட்டீஸ் வரும். ஓடிப்போய்ப் பன்னிரண்டு கிண்ணங்களையும் கவிழ்த்தேன். சோதனைக்கு யாரும் வரவே இல்லை.

பூதக்கண்ணாடியோடு செங்கல்வராயன்தான் வந்தார். "இப்பதான் பாத்தேன், ஒண்ணு பொண்ணு மாரி இருந்துச்சி. லென்ஸ் எடுக்க ஊட்டுக்குப் போனேன். யாரு நைனா கவுத்தது?"

"காக்கா, சார்."

"பன்னெண்டையுமா?"

"கூட்டமா வந்துச்சு."

நனைந்திருந்த என் சட்டைக் கையை ஒரு பார்வை பார்த்தார். "படா காக்காவா இருக்கும்," என்றார்.

குற்ற உணர்ச்சி தாங்காமல், அதன்பின் தினமும் கம்போடு கிண்ணங்களுக்குக் காவல் இருந்தேன். "உசாரா பாத்துக்க நைனா. காக்கா எந்த ரூபத்துல வேணா வரும்," என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறப்பேன், ஆனால் தண்ணீர் லாரி பற்றி ஏதாவது பேசிவிட்டு இறங்குவேன். இரண்டு வருடம் கழித்துப் பெண் குளவி கிடைத்தது. அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை அச்சாகும் முன்பே மாரடைப்பில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்தில், இலையில் காக்காவுக்குச் சோறு வைத்துவிட்டு அதே மொட்டை மாடியில் காத்திருந்தோம். அரை மணி ஆகியும் ஒன்றும் வரவில்லை. அவர் கட்டுரை அச்சாகி அந்த வாரம்தான் தபாலில் வந்த ஆங்கிலப் பத்திரிகையைச் சரசா என்னிடம் நீட்டினார். "கடைசிப் பத்திய தமிழ்ல படிங்க அண்ணே."

படித்தேன். "இந்தக் குளவிக்குக் காக்காவின் பெயரை வைக்கிறேன். என் கிண்ணங்களைக் கவிழ்த்த அந்தக் காக்கா கண்ணாடி போட்டிருக்கும். அதன்பின் அது துணைக்கு வராமல் நான் ஒரு நாளும் மாடி ஏறியதில்லை."

"நான்தாம்மா அந்தக் காக்கா," என்றேன்.

"தெரியும். அன்னிக்கே சிரிச்சிகினு சொன்னாரு." சரசா இலையை என் பக்கம் நகர்த்தினார். "எல்லாரும் பசியோட கீறாங்க. நீங்க ஒரு வாய் எடுத்தா, நாங்க சாப்ட போலாம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டேன்.